தென்னாப்பிரிக்காவில் படிக்கும் காலம்: செப்டம்பர் வசந்தம், மரபு நாள் விருந்து, புரட்டாசி விரதம்

கேள்வி: கும்பகோணத்து மாணவி, டர்பன்

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காகக் கடந்த பிப்ரவரி மாதம் கும்பகோணத்திலிருந்து டர்பனுக்கு வந்தேன். வந்த நாள் முதல் நூலகம், ஆய்வகம், விடுதி என்று மூன்று இடங்களையே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, செப்டம்பர் முதல் தேதி காலை வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு வாளித் தண்ணீர் தலையில் விழுந்தபோதுதான் இங்கே வசந்தம் பிறந்துவிட்டது என்று தெரிந்தது. ஊற்றியவள் என் வகுப்புத் தோழி. அன்றைக்கு இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் மாணவர்களும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவது வழக்கம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு நினைவுக்கு வந்தது. கோபிக்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்துவிட்டு, பட்டத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காமல் ஊர் திரும்பினால் அது சரியாகுமா? இந்த மாத இறுதியில் ஒரு வார விடுமுறை வருகிறது. நவம்பரில் தேர்வுகள் இருப்பதாலும், உதவித்தொகையில் மாதம் கழிவதாலும், அதிகச் செலவில்லாமல் எதைப் பார்க்கலாம் என்று இங்கே நெடுநாள் வாழ்பவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அதைவிட நெருக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. 24ஆம் தேதி மரபு நாள் விடுமுறையன்று என்னுடன் படிப்பவர்கள் ‘பிராய்’ என்னும் கரியடுப்பு விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். மற்ற மாதங்களில் அசைவம் உண்பேன் என்றாலும், புரட்டாசியில் எங்கள் வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. கடல் கடந்து வந்ததற்காக அதை விடவும் எனக்கு விருப்பமில்லை. போகாவிட்டால் ஒதுங்குகிறாள் என்று நினைப்பார்கள். போனால், அடுப்பைச் சுற்றி எல்லோரும் நிற்க, நான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். சூலு மக்களின் நாணல் விழாவுக்கு வருகிறாயா என்றும் அதே தோழி கேட்கிறாள். அயலாள் ஒருத்தி அங்கே போய் நிற்பது முறையா என்ற தயக்கமும் இருக்கிறது.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்

வணக்கம் மகளே. நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன். என் தலைமுறையில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறோம். தமிழை நான் வளர்ந்த பிறகு சனிக்கிழமை வகுப்புகளில் உட்கார்ந்து படித்துக் கற்றேன். ஆகையால் என் நடையில் புத்தக வாசனை சற்று அதிகமாக அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சங்கடம் எங்கள் எல்லோருக்கும் பழகியது. புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறந்துவிடுவதால், மரபு நாள் எந்த ஆண்டிலும் விரதத்துக்குள்தான் வந்து விழும். அந்த நாளைப் பிராய் நாளாகக் கொண்டாட வேண்டும் என்ற இயக்கம் 2005இல் தொடங்கி, 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே அதற்குப் புரவலரான பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. நாடே இறைச்சி சுடும் நாளில், டர்பன் தமிழ்க் குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு இறைச்சியைத் தள்ளி வைத்திருக்கின்றன. புரட்டாசியில் காய்கறிக்காரர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் நிரந்தரக் குறை. ஆகவே உங்கள் தோழர்களில் டர்பனில் வளர்ந்தவர் ஒருவராவது இருந்தால், ‘புரட்டாசி’ என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். மற்றவர்களிடம் முன்கூட்டியே, மீனும் கோழியும் சேர்த்து வேண்டாம் என்று விளங்கச் சொல்லிவிடுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்றதும் அன்போடு கோழிக் காலைக் கொண்டுவந்து வைப்பவர்கள் இந்நாட்டில் ஏராளம்.

போகாமல் இருந்துவிடாதீர்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். உங்களுக்கென்று சிறிய கம்பித்தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தட்டில் கொழுப்பு சொட்டிக்கொண்டிருக்கும். பச்சை மக்காச்சோளக் கதிரைத் தோலோடு கரியில் வைத்து வாட்டி, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்துக் கொடுத்தால், உங்கள் தட்டைத் தேடித்தான் கூட்டம் வரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஈயத்தாளில் சுற்றிக் கங்குக்குள் புதைத்துவிட்டு மறந்துவிடலாம். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே தக்காளி, வெங்காயம், பாலாடைக்கட்டி வைத்து அடுப்பில் வாட்டும் ‘பிராய்புரூய்கி’, டச்சு வழி வந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் வீட்டுப் பண்டம்; கறியைவிட அதற்காகவே காத்திருப்பவர்களை நான் அறிவேன். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் பாப்பும், காய்கறியும் பீன்சும் காரமாகச் சேர்த்த சக்கலக்காவும் எப்படியும் அங்கே இருக்கும். வயிறு நிறையாமல் திரும்ப மாட்டீர்கள்.

இனி வசந்தத்தைப் பற்றி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ் என்பதால் செப்டம்பர்தான் இங்கே வசந்தம். டர்பனில் குளிர்காலமே வெயிலும் நீல வானமுமாக இருப்பதால், குளிர் நாடுகளில் போல ஒரே இரவில் உலகம் மாறிவிடும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே வசந்தம் காற்றோடும் தூறலோடும்தான் வருகிறது. குளிர்காலம் முழுவதும் காய்ந்து கிடந்த மண்ணில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் முதல் மழைகள் விழுகின்றன. தமிழ்ப் பருவக் கணக்கில் புரட்டாசி கார்காலம் அல்லவா? எங்களுக்கு அது இளவேனிலாகவும் கார்காலமாகவும் ஒன்றாகவே வந்து சேர்கிறது. சித்திரையோ இங்கே இலை உதிரும் காலம். பொங்கலன்று உத்தராயணம் என்று சொல்லிச் சூரியனை வணங்கும்போது, அவர் எங்களைவிட்டு வடக்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று என் தாத்தா சிரிப்பார்.

வளாகத்தைவிட்டு வெளியே வந்து, இலையே இல்லாத கிளைகளில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் ஒரு மரத்தைத் தேடிப் பாருங்கள். சூலு மொழியில் அதற்கு ‘உம்சின்சி’ என்று பெயர். நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு அது. முள்ளும் அப்படியே, பூவும் ஏறக்குறைய அப்படியே. அது பூத்தால் விதைப்புக்கு நேரம் வந்துவிட்டது என்று உழவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். டர்பனில் நம்மவர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வந்தால் வீட்டுக்கு வீடு மாமரம் பூத்திருக்கும், முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும். ஊதாவாக மலர்ந்து, மறுநாள் வெளிறி, மூன்றாம் நாள் வெண்மையாகிவிடும் ஒரு பூச்செடியும் இந்த மாதங்களில் வேலியோரங்களில் மணக்கும். அதற்கு ‘நேற்று, இன்று, நாளை’ என்றே பெயர். காசு செலவழிக்காமல் ஒரு பகலைக் கழிக்க 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்கா போதும். ஆப்பிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் அதுவே மிகப் பழையது. நவம்பர் வரை திமிங்கிலங்கள் இந்தக் கரையை ஒட்டிப் போகும் என்பதால், உம்ஷ்லாங்கா கடற்கரையில் காலையில் பொறுமையாக உட்கார்ந்தால் தொலைவில் நீர் பீய்ச்சுவதைக் காணவும் வாய்ப்புண்டு.

நாணல் விழாவுக்குத் தோழியே அழைக்கும்போது தயங்க வேண்டியதில்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளம்பெண்கள் நாணலைச் சுமந்துகொண்டு நொங்கோமாவில் உள்ள எனியோகெனி அரண்மனைக்குப் போய் அரசர் முன் வைக்கிறார்கள். டர்பனிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் என்பதால் ஒரு நாளில் போய்த் திரும்புவது அலைச்சல்தான். அதை வேடிக்கை நிகழ்ச்சியாக நினைத்துப் படமெடுக்கும் கருவியோடு முன்னால் போய் நிற்பவர்களைக் கண்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். காவடி எடுத்து வரும் நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே ஒருவர் கருவியை நீட்டினால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும். கேட்டுவிட்டு எடுங்கள், அல்லது எடுக்காமல் பாருங்கள். அந்த விழாவை ஒட்டி நடக்கும் கன்னிமைச் சோதனையைப் பற்றிச் சூலு பெண்களிடையிலேயே நீண்ட வாக்குவாதம் உண்டு. அதைப் பற்றித் தோழி பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், நாமாகத் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம்.

மறுமொழி 2: பிரிட்டோரியாவாசி

ஆசிரியர் ஐயா டர்பனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் நான் எங்கள் ஊரைச் சொல்கிறேன். விடுமுறையைச் செப்டம்பரிலேயே செலவழித்துத் தீர்க்காமல், அக்டோபர் நடுவில் ஒரு வார இறுதியை மிச்சம் வைத்துக்கொண்டு பிரிட்டோரியாவுக்கு வாருங்கள், தங்கையே. தெருக்களின் இருபுறமும் ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்துக் குவியும். ஏறக்குறைய 70,000 மரங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. நீரைக் குடித்துப் பரவும் அயல் இனம் என்று வகைப்படுத்தி, புதிதாக நடுவதற்குத் தடை போட்டிருக்கிறார்கள். இருப்பவை முதுமையடைந்து விழுந்துகொண்டே வருவதால், இந்த ஊதாத் தெருக்களை நம் பேரப்பிள்ளைகள் இப்படியே பார்ப்பார்களா என்பது எனக்கு ஐயம்தான்.

இங்கே படிக்கும் மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆண்டுத் தேர்வுக்கு முன் ஜக்கரண்டாப் பூ ஒன்று தானாகத் தலையில் விழுந்துவிட்டால் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி உறுதியாம். நான் படித்த காலத்தில் மரத்தடியில் புத்தகத்தோடு அரை மணி நேரம் நின்றும் ஒரு பூவும் விழவில்லை. மறுநாள் மழையில் ஓடும்போது சட்டைக் காலருக்குள் விழுந்தது. அது கணக்கில் சேருமா என்று நண்பர்கள் தேர்வு முடியும் வரை வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

வந்தால் மாரபஸ்டாட்டில் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிடுங்கள். நிறவெறி ஆட்சியின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின்கீழ் நம்மவர்களை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய லோடியத்துக்குப் பெயர்த்துவிட்ட பிறகும், கோபுரம் மட்டும் கடைத்தெருவுக்கு நடுவே அங்கேயே நிற்கிறது.

மறுமொழி 3: ஆய்வு மாணவர், கேப்டவுன்

வசந்தம் என்றதும் நமக்வாலாந்து மலர்வெளியைப் பற்றி உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள் என்பதால், முந்திக்கொண்டு எழுதுகிறேன். இந்த ஆண்டு அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள். நாட்டின் மேற்குக் கரையில் மழை குளிர்காலத்தில்தான் பெய்கிறது. அந்த ஈரத்தில் முளைத்த காட்டுப் பூக்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பாலை நிலத்தை ஆரஞ்சு நிறமாக்கிவிட்டு, வெயில் ஏறியதும் போய்விடுகின்றன. உங்கள் விடுமுறை தொடங்கும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். போதாததற்கு, டர்பனிலிருந்து கேப்டவுனுக்கு விமானம், அங்கிருந்து வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் கார் என்று உதவித்தொகை மாணவர் தாங்கும் செலவும் அல்ல.

அடுத்த ஆண்டு வர முடிந்தால், கேப்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மேற்குக் கடற்கரைத் தேசியப் பூங்கா போதும். அதற்குள் போஸ்ட்பெர்க் என்ற பகுதியை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மட்டுமே திறக்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தப் பூக்கள் வெயில் இல்லாவிட்டால் இதழ் விரிப்பதில்லை. முதல் ஆண்டு நாங்கள் ஐந்து பேர் வாடகைக் கார் எடுத்து, அதிகாலையிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் ஏழரை மணிக்கு வாயிலில் நின்றோம். மேகமூட்டமான நாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மூடிய மொட்டுகள். மூன்று மணி வரை காத்திருந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மறுவாரம் பதினொரு மணிக்கு, சூரியன் முதுகில் படும்படி நின்று பார்த்தபோது முழு வெளியும் எங்களை நோக்கித் திரும்பியிருந்தது.

மறுமொழி 4: மொரீஷியஸ் மாணவன், டர்பன்

வணக்கம் அக்கா. நானும் இதே ஊரில்தான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் நாட்டில் தைப்பூசக் காவடியும் தீபாவளியும் அரசு விடுமுறைகள். இங்கே இரண்டும் விடுமுறை அல்ல என்பதை முதலாண்டில் தெரிந்துகொள்ளாமல், தீபாவளிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத் தேர்வு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அட்டவணை வெளிவந்த அன்றே தீபாவளித் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மோதினால் துறைக்கு உடனே எழுதுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். தீபாவளி எந்த நாள் என்பதிலும் இவ்வூரில் சில ஆண்டுகளில் இருவேறு கருத்து எழும். நம்மவர்கள் ஒரு நாளும் வட இந்திய வழியினர் மறுநாளும் கொண்டாடுவதுண்டு.

ஆசிரியர் ஐயாவிடம் மரியாதையோடு ஒரு கருத்து வேறுபாடு. விரதத்தை முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்துவிட வேண்டும் என்பது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. நான் அப்படி அறிவித்ததால் என் நண்பர்கள் எனக்காக விருந்தையே அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம் எல்லோரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அழைத்தவரிடம் மட்டும் சொன்னால் போதும் என்பது என் அனுபவம்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்

தம்பி சொல்வது சரிதான். அழைத்தவருக்குத் தெரிந்தால் போதும்.

விருந்தைத் தள்ளிவைத்த கதையைப் படித்ததும் இன்னொன்று எழுதத் தோன்றியது. நாள்களைத் தள்ளிவைப்பது இங்கே நமக்குப் பழைய வழக்கம். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தார்கள். பஞ்சாங்கம் சொல்லும் நாளில் அவர்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. துரைமார் விடுப்புக் கொடுத்த நாள்களில் பெரிய வெள்ளியும் ஒன்று. அதனால்தான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் இன்றும் ஈஸ்டர் நாள்களில் பெருந்திருவிழா நடக்கிறது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பெரிய வெள்ளியன்று அம்மனுக்குத் தேர் இழுப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டு விருந்தினர் ஒருவர், ‘இது எந்த ஆகமத்தில் இருக்கிறது?’ என்று என்னிடம் கேட்டார். சர்க்கரை ஆலையின் ஆகமத்தில் என்று பதில் சொன்னேன்.

ஆடிக் கூழும் அப்படித்தான். தமிழ்நாட்டில் வெக்கை தணிய ஊற்றும் கூழை நாங்கள் நடுங்கும் குளிர்காலத்தில், மக்காச்சோள மாவும் தயிரும் கலந்து ஊற்றுகிறோம். என் ஆயா அதை ஒரு நாளும் விநோதமாக நினைத்ததில்லை. மரபு நாளே ஒரு சமரசத்தில் பிறந்ததுதான். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மாகாணத்தில், சூலு அரசை நிறுவிய சாக்கா மன்னரின் நினைவுநாளாக இருந்த 24 செப்டம்பர், புதிய விடுமுறைப் பட்டியலில் விடுபட்டுப்போக, அதற்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்க எல்லோருக்கும் பொதுவான மரபு நாளாக அதைச் சேர்த்துக்கொண்டார்கள். விருந்து மாலையில்தான் என்றால், அன்று காலை க்வாடுகுசாவுக்குப் போய்வரலாம்; வடக்கே ஒரு மணி நேரப் பயணம். மன்னரின் நினைவிடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, அன்று ஆட்டமும் பாட்டும் இருக்கும். பழைய பெயரான ஸ்டாங்கர் என்றால் நம்மவர்களுக்கு இன்னும் எளிதில் விளங்கும். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மறுமொழி 6: கும்பகோணத்து மாணவி, டர்பன்

ஐயா அவர்களுக்கும் மற்ற அன்பர்களுக்கும் நன்றி. நேற்று விருந்து முடிந்தது என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

க்வாடுகுசாவுக்கு நான்கு பேராகப் போனோம். திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டதால் விருந்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். அழைத்தவரிடம் மட்டும் விரதத்தைச் சொல்லியிருந்தேன். அவர் எனக்காகப் புதிய கம்பித்தட்டு ஒன்றை வாங்கி, அதில் என் பெயரைத் துணியில் எழுதிக் கட்டி வைத்திருந்தார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பன்னிரண்டு கதிர்கள் கொண்டுபோனேன். எனக்குக் கிடைத்தது ஒன்றரை. பிராய்புரூய்கியில் தேங்காய்ச் சட்னி தடவிப் பார்த்தோம், அது மட்டும் கருகிவிட்டது.

நாணல் விழாவுக்கு இந்த ஆண்டு போக இயலவில்லை. அது இம்மாத முற்பகுதியிலேயே நடந்து முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு தன் அத்தை வீட்டில் தங்கிப் போகலாம் என்று தோழி சொல்லியிருக்கிறாள். உம்சின்சி மரம் என் விடுதிச் சன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. பிப்ரவரியிலிருந்து அதில்தான் என் துவைத்த துணிக் கொடியைக் கட்டியிருக்கிறேன்.

பிரிட்டோரியா அண்ணாவிடம் ஒரு கேள்வி: அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் பூ நன்றாக இருக்குமா, அல்லது இரண்டாம் வாரமே வர வேண்டுமா? இரவுப் பேருந்துக்கு இந்த வாரமே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.